டோர் லாக்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ஆனையூர் வீட்டுச் சுவர்களை
அண்ணாந்து பார்ப்பது என் வேலை.
இப்போதைய எண்ணிலிருந்து போன எண்ணைக் கழித்து
வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுப்பேன்.
வாங்கும் கை அட்டையைப் பிடித்தபடி
ஒரு நொடி கூடுதலாக நிற்கும்.
கண் என் வயிற்றுக்கு இறங்கும்.
"விசேஷம் ஏதும் உண்டாத்தா?"

அவர்களும் ரீடிங்தான் எடுக்கிறார்கள்.
போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும்
என்ன கூடியிருக்கிறது என்று.

நாலாவது குறுக்குத் தெரு கறிக்கடைக்காரர் மனைவி
மோர் கொடுத்துவிட்டு டாக்டர் பெயர் சொல்வார்.
மோர் நன்றாக இருக்கும்,
அதுதான் சிக்கல்.
ஓய்வுபெற்ற தாசில்தார்
தினம் ஒரு செவ்வாழை என்றார்.
கட்டண பாக்கியைக் கேட்டேன்,
காது மந்தமாகிவிட்டது.

ஒன்பது வருஷம் சிரித்தே கடந்தேன்.
வாய் விரியும், பல் தெரியாது.
அந்தச் சிரிப்புக்கு மட்டும் மீட்டர் வைத்திருந்தால்
எத்தனை யூனிட் ஓடியிருக்குமோ.

ஆவணியில் சமயநல்லூரில் வளைகாப்பு,
கொழுந்தன் மனைவி செண்பகவல்லிக்கு.
சந்தனக் கிண்ணம் எடுத்த என் கையை
சின்னத்தை மெதுவாக,
ரொம்ப மெதுவாக
இறக்கி வைத்தார்.
"நீ கடைசியாப் பூசு தாயி.
அழகர் உனக்கும் கண்ணத் தொறப்பாரு.
மரத்துல ஒம்பேருல தொட்டி கட்டிட்டு வந்துருக்கேன்."

என் பேரில்.
என்னைக் கேட்காமல்.
ஒரு சின்ன மரத்தொட்டில், மஞ்சள் கயிறு,
இந்நேரம் மலைக்காற்றில்
சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

என் பெயரும் அப்படி வந்ததுதான்.
பதினோரு வருஷம் தவங்கிடந்து பெற்றதால் தவமணி.
அது என் அம்மா எடுத்த ரீடிங்.

சோணைமுத்து எழுந்து என் பக்கம் வந்தான்.
பேச வாயெடுத்தவனைக் கையமர்த்தினேன்.
இது என் சர்வீஸ் நம்பர்.

"சின்னத்தை, நீங்க போட்ட முடிச்சு உங்களோடது.
அவுக்கச் சொல்லல.
ஆனா இனிமே என் வயிறு
உங்க பேச்சுல வரக்கூடாது.
வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.
கோவத்துல இல்ல.
பஸ் புடிச்சு, நிதானமா."

கண்ணாடி முன்னால் நாலு நாள் சொல்லிப் பார்த்ததுதான்.
ஆனாலும் 'நிதானமா' என்ற இடத்தில்
குரல் உடைந்தது.

"நல்லதுக்குத்தானே கேட்டேன்."
"நல்லதுதான். வேணாம்."
பின்னாலிருந்து யாரோ,
"இம்புட்டு வாயி ஆகாது."

செண்பகவல்லி மட்டும் கன்னத்தைக் காட்டினாள்.
பூசினேன்.
சூடாக இருந்தது கன்னம்.
அவளையும் இதுவரை
யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லையோ என்று
அப்போதுதான் தோன்றியது.

அதற்குள் இன்னொருத்தி ஆரம்பித்தாள்,
திருமங்கலத்தில் ஒரு நாட்டு வைத்தியர் என்று.
எழுந்தோம்.
சொன்னபடி பஸ் பிடித்தோம்.
பரவை நிறுத்தத்தில் சோணைமுத்து
வெள்ளரிப்பிஞ்சு வாங்கினான்.
உப்பு அதிகம்.
இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.

முடியாததா, வேண்டாததா
என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும்.
தோன்றட்டும்.

இன்று மறுபடி ஆனையூர்.
கறிக்கடைக்காரர் வீட்டில் மோர் வந்தது.
"டாக்டர் பேரு வேணாம்க்கா, மோர் மட்டும்" என்றேன்.
டம்ளர் பாதியில் நின்றது,
பிறகு வந்தது.
பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்.

அடுத்த வீட்டில் கதவு சாத்தியிருந்தது.
இரண்டு முறை தட்டினேன்.
உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது,
யாரோ நின்று கேட்பதுபோல்
சட்டென்று அடங்கியது.
முன்பென்றால் மூன்றாவது முறையும் தட்டி
ஜன்னல் வழியே குரல் கொடுத்திருப்பேன்.

டோர் லாக் என்று பதிந்துவிட்டு
அடுத்த படி ஏறினேன்.